மேற்குக் கேபினில் வராத லீவர்

மேற்குக் கேபினை இடித்துத் தள்ளுங்கள் என்று, பணியில் இருந்த காலத்தில் மனுவுக்கு மேல் மனு எழுதிப் போட்டவள் நான். இப்போது அதே கேபினைப் பாதுகாக்க அமைத்த குழுவில் எனக்கு ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். முதல் கூட்டத்தில் என்னை, "இந்தக் கட்டிடத்தின் மேல் உயிரையே வைத்திருப்பவர்" என்று அறிமுகப்படுத்தினார்கள். மறுத்துப் பேசினால் மரியாதையாக இருக்காது என்று கொடுத்த டீயைக் குடித்தேன்.

திறப்பு விழா முடிந்துவிட்டது. விழா மலர் இன்னும் வரவில்லை. ரயில்வேயில் வண்டி போன பிறகு மணி அடிப்பதும் உண்டு. எங்கள் ஸ்டேஷனில் இப்போது ஸ்டேஷன் மாஸ்டராக இருக்கும் பெண், "மலருக்கு நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்கக்கா" என்றார். நல்லதாக வேண்டுமென்றால் வேறு ஆளைத்தான் பிடிக்க வேண்டும். நான் உள்ளதை எழுதுகிறேன். இடம் இருந்தால் போடட்டும்.

பொள்ளாச்சிக்கும் உடுமலைப்பேட்டைக்கும் நடுவில், தென்னந்தோப்புகளுக்குள் இருக்கிறது எங்கள் ஸ்டேஷன். மீட்டர்கேஜ் காலத்தில் அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கேபின் இருந்தது. கேபின் என்றால் மாடி வைத்த சிவப்புச் செங்கல் அறை. மேலே இரும்பு லீவர்கள் வரிசையாக நிற்கும். ஒன்றை இழுத்தால் தூரத்தில் கைகாட்டி இறங்கி, வண்டி உள்ளே வரலாம் என்று காட்டும். இன்னொன்றை இழுத்தால், தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் கத்தி போன்ற ஒரு துண்டு நகர்ந்து, வண்டியை எந்த லைனில் விட வேண்டுமோ அந்த லைனுக்குத் திருப்பும். அந்த இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயர்.

நான் பிறந்தது மதுக்கரை. வாழ்க்கைப்பட்டது ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கிற கேங்கில் இருந்தவருக்கு. மஞ்சள்காமாலையில் அவர் போன பிறகு வாரிசு வேலை எனக்குக் கிடைத்தது. ஆர்டரில் "லீவர்மேன் பிலோமினா" என்று இருந்தது. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போய், பெண்ணுக்கு இந்தப் பெயர் சரியா என்று ஆபீஸில் கேட்டேன். லீவர்மேன் என்ற பதவிதான் காலியாக இருக்கிறது, லீவர்வுமன் என்று ஒன்று இல்லை, வேண்டுமா வேண்டாமா என்றார்கள். வேண்டும் என்றேன். ஓய்வு பெறுகிற வரை ரயில்வேக்கு நான் ஆண்பிள்ளையாகவே இருந்தேன்.

பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததைச் சுருக்கினால் மூன்று நிறம்தான் மிஞ்சும். கறுப்பு லீவர் பாயிண்டைத் திருப்ப. நீலம், திருப்பிய பாயிண்டைப் பூட்ட. சிவப்பு, கைகாட்டியை இறக்க. இந்த வரிசையில்தான் இழுக்க வேண்டும். மாற்றி இழுத்தால் லீவர் வராது. ஏன் சார் வராது என்று ஒருவர் கேட்டதற்கு, "வராதுன்னா வராது, எழுதிக்கோ" என்றார் வாத்தியார். எழுதிக்கொண்டோம்.

ஏன் என்பதற்கு விடை கேபினின் கீழறையில் இருந்தது. ஆனால் அது சிக்னல் இலாகாவின் அறை. பூட்டி, பூட்டுக்கு மேல் அரக்கு வைத்திருப்பார்கள். மேலே லீவர் இழுக்கும் நாங்கள் டிராபிக் இலாகா. சுவரும் கூரையும் இன்ஜினியரிங் இலாகா. கூரை ஒழுகினால் ஒருவர், ஒழுகிய தண்ணீரில் லீவர் துருப்பிடித்தால் இன்னொருவர், அதில் வழுக்கி நான் விழுந்தால் மூன்றாமவர் என்று பொறுப்பை அழகாகப் பிரித்து வைத்திருந்தார்கள். கழிப்பறை மட்டும் ஒருவருக்கும் ஒதுக்கப்படவில்லை. கேபினில் அது இல்லவே இல்லை. ஸ்டேஷன் வரை நடந்துபோக மாற்று ஆள் வர வேண்டும். மாற்று ஆள் வரும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். என் மனுக்களில் பாதி இதைப் பற்றித்தான். ஒரு மனுவுக்குப் பதிலும் வந்தது. கட்டிடம் மிகப் பழையது, அதில் புதிய வசதி செய்வது வீண் செலவு என்று. அதன் பிறகுதான், அப்படியானால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்று எழுத ஆரம்பித்தேன்.

அந்த மனுக்களையெல்லாம் மேலே அனுப்பியவர் ஸ்டேஷன் மாஸ்டர் சென்னியப்பன். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. அவருடைய உத்தரவுகளெல்லாம் யோசனை மாதிரி வரும். கேபின் போனில் கூப்பிட்டு, இரண்டாம் லைனுக்கு வண்டி எடுத்தால் நன்றாக இருக்குமோ என்று சந்தேகம் கேட்பார். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் பார்த்ததில்லை. மெமோ கொடுப்பதாக இருந்தால் தன் அறைக்கு வரச்சொல்லி, நாற்காலியில் உட்காரவைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த மோரை ஊற்றிக் கொடுப்பார். கொத்தமல்லி போட்ட நல்ல மோர். குடித்து முடித்த பிறகு, "இதுல ஒரு கையெழுத்துப் போட்ருங்கம்மா" என்று காகிதத்தை நீட்டுவார். படித்துப் பார்த்தால் இன்கிரிமென்ட் வெட்டு. அவருடைய மோரைக் குடிக்காதவர்கள் எங்கள் ஸ்டேஷனில் யாரும் இல்லை.

இனி நான் சொல்ல வந்தது.

அன்றைக்குப் பொள்ளாச்சியில் மாட்டுச் சந்தை. காலையிலேயே சென்னியப்பன் சாரிடம் போய் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டிருந்தேன். மகளுக்கு மாதா கோயிலில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன் தைத்து வந்துவிட்டது; தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாயாவது பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் பொறுமையாகக் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளச் சொல்லி ஃபாதரிடம் கேட்டுப்பார்த்தால் என்ன என்றார். மோர் கொடுக்கவில்லை. அந்த மட்டில் நிம்மதி என்று நினைத்துக்கொண்டு, உள்ளுக்குள் கொதித்தபடி கேபினுக்கு வந்தேன்.

மத்தியானம் பொள்ளாச்சியிலிருந்து பாசஞ்சர் வந்துகொண்டிருந்தது. மெயின் லைனில் ஒரு சரக்கு வண்டி நின்றதால் பாசஞ்சரைப் பக்கத்து லைனில் எடுக்க வேண்டும். கறுப்பு லீவரை இழுத்தேன், வந்து உட்கார்ந்தது. நீலத்தை இழுத்தேன். பாதி வழியில் நின்றுவிட்டது. திருப்பி விட்டு மறுபடி இழுத்தேன். அதே இடத்தில் நின்றது. நீலம் வராததால் சிவப்பு அசையவே இல்லை. பாசஞ்சர் கைகாட்டிக்கு வெளியே வந்து நின்று ஊதத் தொடங்கியது.

போனில் சொன்னேன். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தால் வந்துவிடுமே என்றார் சார். இழுத்தேன், வரவில்லை. மறுபடி ஊதல். அந்த வண்டியின் கடைசியில் பெரிய அதிகாரி ஒருவரின் தனிப் பெட்டி மாட்டியிருந்தது என்று அப்போதுதான் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சாரே வேர்த்து வழிய கேபின் படியேறி வந்தார். அவரும் இழுத்துப் பார்த்தார். இருவரும் சேர்ந்து இழுத்தோம். வரவில்லை. ஜன்னலில் நின்று பாயிண்டைப் பார்த்தார். அங்கிருந்து பார்க்க அது சரியாகத் திரும்பி உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரிந்தது.

லீவர் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு விதி உண்டு. ஆள் போய்ப் பாயிண்டை நேரில் பார்த்து, இரும்புப் பிடி போட்டு, பூட்டுப் போட்ட பிறகுதான் கொடி காட்டி வண்டியை உள்ளே எடுக்கலாம். அதற்கு நேரம் ஆகும். அதிகாரியோ பெட்டி ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"பாயிண்ட் செட்டாத்தானுங்களே இருக்குது, கண்ணுக்குத் தெரியுதில்லீங்க. துருவுல நீலம் புடிச்சுக்கிச்சு, அவ்வளவுதானுங்க. நீங்க இங்கிருந்தே பச்சக் கொடியக் காட்டிப்போட்டா வண்டி வந்துருமுங்கம்மா" என்றார் சார்.

இந்த இடத்தில் நான் என் அனுபவத்தாலும் கடமை உணர்வாலும் ஆபத்தை உணர்ந்தேன் என்று எழுதினால் மலருக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நானும் துரு என்றுதான் நினைத்தேன். எனக்கு இருந்தது கோபம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு விதி பேசிய மனிதர் இப்போது விதியைத் தாண்டச் சொல்கிறாரே என்ற கோபம்.

"எழுதிக் குடுங்க சார், காட்டறேன்" என்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மூடியை மாட்டிப் பேனாவைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு கீழே நின்ற பாயிண்ட்ஸ்மேன் மயில்சாமியைக் கூப்பிட்டு, ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

மயில்சாமி பாயிண்டுக்குப் போய்க் குனிந்தவர் உடனே நிமிரவில்லை. பிறகு சிவப்புக் கொடியை விரித்துத் தண்டவாளத்துக்கு நடுவில் நின்றார். நானும் சாரும் இறங்கி ஓடினோம். பாயிண்டின் கத்திக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் ஒரு லாடம் செருகியிருந்தது. சந்தைக்கு நடந்து போன காளை எதுவோ பக்கத்து ரயில்வே கேட்டைத் தாண்டும்போது உதிர்த்துவிட்டுப் போனது. கத்தி விரல் கனத்துக்கு விலகி நின்றது. லீவரிலிருந்து பாயிண்டுக்குப் போகும் கம்பிகளின் தளர்ச்சியில் கறுப்பு லீவர் ஏமாந்து வந்து உட்கார்ந்திருக்கிறது, நீலம் ஏமாறவில்லை. வண்டி வந்திருந்தால் முன்சக்கரம் ஒரு லைனிலும் பின்சக்கரம் இன்னொரு லைனிலும் போயிருக்கும். பக்கத்தில் சரக்கு வண்டி. பாசஞ்சர் படிகளிலோ சந்தையிலிருந்து திரும்புகிறவர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நின்ற வண்டியிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்த்து, சீக்கிரம் எடுங்கம்மா, பால் கறக்க நேரமாகிறது என்று திட்டினாள். ஜல்லியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மயில்சாமி கடப்பாரையால் லாடத்தை நெம்பி எடுத்தார். நான் மறுபடி மேலே ஏறிப்போய் நீலத்தை இழுத்தேன்; வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வந்தது. வண்டி உள்ளே வந்தது. அதிகாரி இறங்கி, விழிப்பாக இருந்து விபத்தைத் தடுத்த ஸ்டேஷன் மாஸ்டரின் கையைக் குலுக்கினார். பாராட்டுக் கடிதமும் வந்தது. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு எனக்கும் ஒரு காகிதம் வந்தது, மோரோடு.

ஆனால் அந்த வாரமே, நான் மறுபடி கேட்காமல், "ஞாயித்துக்கெழம போய்ட்டு வாங்கம்மா, ஆள் போட்டுட்டேனுங்க" என்றார். மகளின் புதுநன்மைப் போட்டோவில் அவள் பக்கத்தில் நான் நிற்கிறேன். அந்த மனிதரை முழுதாக வெறுக்கவும் முடியாமல் போனது இதனால்தான்.

பிறகு அகலப்பாதை வந்தது. பட்டன் அழுத்தினால் பாயிண்ட் திரும்பும் பேனல் வந்தது. கிழக்குக் கேபினை ஒரே நாளில் இடித்தார்கள். மேற்குக் கேபின் தப்பியதற்குக் காரணம் வரலாற்று உணர்வு அல்ல. உள்ளே இருக்கும் இரும்பை எடுத்துக்கொண்டால்தான் இடிப்போம் என்றது ஒரு இலாகா. கட்டிடத்தை இடித்துக் கொடுத்தால்தான் இரும்பை எடுப்போம் என்றது இன்னொன்று. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததில் கேபினுக்கு வயதாகி, அது பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டது. என் மனுக்களும் அந்தக் கோப்பில்தான் இருந்தனவாம். பழைய பணியாளர்களிடையே இந்தக் கேபினைப் பற்றி இடையறாத அக்கறை இருந்ததற்கு அவையே சான்று என்று குறிப்பு எழுதியிருந்தார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து கீர்த்தனா என்ற கட்டிடக் கலைஞரை அனுப்பினார்கள். சின்னப் பெண். மூக்கில் தூசிக்குத் துணி கட்டிக்கொண்டு செங்கல் செங்கலாகப் பார்த்தாள். மூலையில் சுவர் கறுத்திருந்ததைக் காட்டி, நிலக்கரி இன்ஜின் புகையா என்று கேட்டாள். நான் ரசம் வைத்த மண்ணெண்ணெய் ஸ்டவ் என்றேன். சிரித்துவிட்டு, அப்படியானால் அதற்கும் வெள்ளையடிக்க வேண்டாம் என்று எழுதிக்கொண்டாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போனது. கழிப்பறை எங்கே இருந்தது என்று அவள் கேட்டபோது, மாற்று ஆள் வந்தால் ஸ்டேஷனில் என்றேன். பார்வையாளர்களுக்குக் கழிப்பறை என்பது இப்போது திட்டத்தின் முதல் வரி.

ஒருநாள் கீழறையைத் திறந்தார்கள். சாவி யாரிடமும் இல்லை, பூட்டை அறுத்தார்கள். அத்தனை வருடம் அதன் தலைக்கு மேல் நின்று வேலை பார்த்தவள், அன்றைக்குத்தான் உள்ளே கால் வைத்தேன். பெரிய பெரிய சக்கரங்கள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தவை நீளமான இரும்புப் பட்டைகள், அவற்றில் வெட்டிய சின்னச் சின்னப் பள்ளங்கள், அந்தப் பள்ளங்களில் வந்து விழும் கட்டைவிரல் அளவு இரும்பு நாக்குகள். எண்ணெய் விட்டுத் துருவை எடுக்கக் கீர்த்தனாவின் ஆட்களுக்குப் பல நாள் ஆனது. பிறகு அவள் மேலே போய்ச் சிவப்பு லீவரை இழுத்தாள். நான் கீழே டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன். டக் என்று ஒரு நாக்கு பள்ளத்தில் விழுந்து, சிவப்பின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. நீலம் வராமல் நீ வர முடியாது என்று பிடித்துக்கொண்டது.

சந்தை நாளில் என் பக்கம் நின்றது யார் என்று அன்றைக்குத்தான் முகம் பார்த்தேன். டார்ச்சை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

"இந்தக் கட்டிடம் மாதிரி எங்க வேணாலும் இருக்குங்க. இதுதாங்க முக்கியம்" என்றாள் கீர்த்தனா, இறங்கி வந்து. மற்றவர்கள் செங்கல்லைப் பார்த்தபோது அவள் ஒருத்திதான் அதைச் சொன்னாள்.

அடுத்த கூட்டத்திலேயே அதற்கு ஆபத்து வந்தது. தலைவராக இருந்த அதிகாரி நல்லவர்தான். குடும்பத்தோடு வருகிறவர்கள் லீவரை இழுத்துப் போட்டோ எடுத்துக்கொள்ள ஆசைப்படுவார்கள், இழுத்து வராவிட்டால் புகார் வரும், ஆகையால் கீழே இருக்கும் பூட்டு நாக்குகளைக் கழற்றிவிட்டால் யார் எதை இழுத்தாலும் வரும் என்றார். கழற்றியதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்றும் சொன்னார். கீர்த்தனா எதிர்த்தாள். அவளுடைய கம்பெனிக்கு ரயில்வே கொடுத்திருந்த ஒப்பந்தத்தைப் பற்றி ஒருவர் மெதுவாக ஞாபகப்படுத்தினார். அவள் முகம் சுருங்கி என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து சந்தை நாள் கதையைச் சொன்னேன். எதிரிலேயே சென்னியப்பன் சார் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்று உடுமலையில் மகனோடு இருப்பவரைக் குழுவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கைத்தடியும் காது மெஷினுமாக, ஆனால் சட்டை மடிப்புக் கலையாமல் வந்திருந்தார். அவர் முகத்துக்கு நேரே சொல்ல மனம் வராமல், கொடி காட்டச் சொன்னது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். தலைவர், "ரொம்ப நல்ல கதைம்மா, சுவத்துல போர்டு வெச்சுடலாம்" என்றார். நாக்குகளைக் கழற்றுவது பற்றி அடுத்த வரிக்குப் போனார்.

அப்போது சென்னியப்பன் சார் தடியை ஊன்றி எழுந்தார். அன்றைக்குப் பணியில் இருந்த ஸ்டேஷன் மாஸ்டர் தான் என்று ஆரம்பித்தார். நீல லீவர் வராததால் பாயிண்ட் பூட்டப்படவில்லை என்று தான் முடிவு செய்ததாகவும், பூட்டு வராமல் ஒரு வண்டியையும் உள்ளே விட மாட்டேன் என்று தான் உறுதியாக நின்றதாகவும், கேபின் ஜன்னலிலிருந்து கொடி காட்டலாமா என்று கேட்டவர்களைத் தானே தடுத்ததாகவும், எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார். அந்த நாக்குகள்தான் அத்தனை உயிரையும் காப்பாற்றின, அவற்றைக் கழற்றினால் மிச்சம் இருப்பது வெறும் செங்கல் என்று முடித்தார். பாராட்டுக் கடிதம் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, வேண்டுமானால் பார்க்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

தலைவர் பேனாவை எடுத்து எழுதினார். பொறுப்பான அதிகாரியே சொல்கிறார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னார். நாக்குகளைக் கழற்றுவதில்லை என்று அன்றே முடிவானது.

வெளியே வேப்பமரத்தடியில் அவருடைய கார் வருவதற்காக இருவரும் நின்றோம். கேட்காமல் விட முடியவில்லை. அன்றைக்குக் கொடி காட்டச் சொன்னது யார் சார் என்று கேட்டேன்.

"நாந்தானுங்கம்மா. மறக்குமுங்களா அது. தெனமும் படுக்கறப்ப அந்த லாடந்தானுங்க கண்ணுல நிக்குது" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நீங்க சொன்னா கதைம்பாங்க. அதையே நாஞ் சொன்னா ரிப்போர்ட்டுங்க. அவங்களுக்கு ரிப்போர்ட்டுத்தானுங்களே வேணும்" என்றார்.

அதில் எவ்வளவு சமாதானம், எவ்வளவு சாமர்த்தியம் என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை. கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

கேபின் சுவரில் இப்போது ஒரு போர்டு இருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் பெயர் இருக்கிறது; "பணியில் இருந்த லீவர்மேன்" என்று நானும் இருக்கிறேன். திறப்பு விழாவில் சிறப்பு விருந்தினருக்கு எந்த லீவரை முதலில் இழுப்பது என்று ரகசியமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கறுப்பு, நீலம், சிவப்பு என்று இழுத்தார். வெளியே நட்டு வைத்திருக்கும் கைகாட்டி இறங்கியது, கைதட்டினார்கள். அவர்கள் போன பிறகு பொதுமக்களை விட்டார்கள். ஆனைமலைப் பக்கத்துக்காரர் ஒருவர், மனைவியைப் போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டு, பளபளவென்று பெயின்ட் அடித்த சிவப்பு லீவரையே முதலில் பிடித்து இழுத்தார். அது வரவில்லை.

"வரலீங்க" என்று ஓரமாக நின்ற குழுவினரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கையை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார். மறுபடி இழுக்கவில்லை, யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. சந்தை நாளில் அந்த மாடியில் இருந்த எங்கள் இருவருக்கும் இல்லாத புத்தி.